இரண்டாவது டிஸ்க் சேர்த்ததும் பூட் ஆகாமல் போன கணினி

ஏற்காட்டில் சித்தப்பாவின் காபித் தோட்டக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு டெபியன் (லினக்ஸ் வகை) கணினியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இன்னொரு வகை எஸ்எஸ்டியான என்விஎம்இ ஒன்று வாங்கினேன். ரூட் (சிஸ்டம் இருக்கும் முக்கியப் பகுதி) ஏற்கெனவே பிடிஆர்எஃப்எஸ், அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கக்கூடிய ஃபைல் சிஸ்டம். புது டிஸ்க்கைச் சேர்த்து, பேலன்ஸ் ஓட்டி (தரவை டிஸ்க்குகளுக்குள் மறுபடி பகிர்ந்து) ரெய்டு-1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொரு பிரதி) ஆக்கியதில் ஒரு சிக்கலும் இல்லை.

ரீபூட் செய்தபோதுதான் வினை. கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏறியது, 'ஓபன் சிட்ரீ ஃபெயில்டு' (ஃபைல் சிஸ்டத்தைத் திறக்க முடியவில்லை) என்றது, இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் மவுண்ட் ஆகும்வரை பூட்டுக்கு உதவும் சின்னத் தொகுப்பு) ஷெல்லில் நின்றுவிட்டது. கையில் லைவ் பென்டிரைவ் (அதிலிருந்தே கணினியை ஏற்றக்கூடியது) இல்லை. சிபியூவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் வந்தேன்.

அவசரத்தில் ஒரு கடையில் காட்டியது பெரிய தப்பு. "தம்பி, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே யூயூஐடி வருது. ஒண்ணு குளோன். அதை அழிச்சிட்டா சரியாயிரும்" என்றார் கடைக்காரர். யூயூஐடி என்பது ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண். "அண்ணே, வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பல டிஸ்க் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ்ஸில் எல்லா டிஸ்க்கும் ஒரே யூயூஐடிதான் காட்டும். யூயூஐடி-சப் மட்டுமே வேறுபடும். அதைப் பார்த்து யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.

வீட்டில் லைவ் பென்டிரைவில் ஏற்றினால் இரண்டு டிஸ்க்கும் நல்லபடியாக மவுண்ட் ஆயின. அப்போதுதான் மூச்சு வந்தது. இனிட்ராம்எஃப்எஸ்ஸின் உள்ளடக்கத்தைப் பட்டியல் எடுத்துப் பார்த்தேன். என்விஎம்இ டிரைவரே அதில் இல்லை! பூட் பார்ட்டிஷன் சின்னது என்பதால் எப்போதோ மாட்யூல்ஸ் அமைப்பை (இனிட்ராம்எஃப்எஸ்ஸில் எந்த டிரைவர்கள் சேர வேண்டும் என்பதை) 'டெப்' என்று மாற்றியிருந்தேன். ரூட்டுக்குத் தேவையான டிரைவரை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். பூட் நேரத்தில் இரண்டாவது டிஸ்க் கண்ணுக்கே படவில்லை. ரெய்டு-1 ஆக இருந்தாலும், ஒரு டிஸ்க் குறைந்தால் பிடிஆர்எஃப்எஸ் தானாக மவுண்ட் ஆகாது.

சரி, குரூட் செய்து (லைவ் பென்டிரைவிலிருந்து டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து) இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால் போதும் என்று நினைத்தேன். டிவைஸ், கெர்னல் விவரங்கள் இருக்கும் டெவ், ப்ராக், சிஸ் மூன்று கோப்புறைகளையும் பைண்ட் செய்ய (உள்ளே இணைக்க) மறந்ததால் ரூட் எந்த டிவைஸ் என்றே தெரியவில்லை என்று எரர். பைண்ட் செய்து உருவாக்கியும் என்விஎம்இ வரவில்லை. மவுண்ட் பட்டியலில் பிடிஆர்எஃப்எஸ் ஒரு டிஸ்க்கின் பெயரைத்தான் காட்டும். 'டெப்' அதை மட்டும் நம்பிவிடுகிறது. கடைசியில் பழைய கெர்னல்கள் இரண்டை நீக்கி இடம் பண்ணி, 'மோஸ்ட்' (பெரும்பாலான டிரைவர்களையும் சேர்க்கும் அமைப்பு) என்று மாற்றி மறுபடி உருவாக்கினேன். லாகின் திரை வந்தபோது ராத்திரி ஒரு மணி.

இன்னொரு எச்சரிக்கை. இந்த நிலையில் கிரப் (பூட் மெனு) வரியில் 'டிகிரேடட்' (டிஸ்க் குறைந்தாலும் மவுண்ட் செய் என்ற விருப்பம்) சேர்த்தால் கணினி எழுந்துவிடும். ஆனால் ஒரு டிஸ்க்கில் மட்டும் எழுதிவிட்டு அடுத்த முறை இரண்டும் வந்தால், பின்தங்கிய டிஸ்க்கை ஸ்க்ரப் (தரவைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) ஓட்டிச் சரிசெய்யாமல் விடக்கூடாது. டிஸ்க் நிஜமாகவே செத்தால் தவிர அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கணினியை ஏற்றத் தேவையான பூட், இஎஃப்ஐ பார்ட்டிஷன்கள் இன்னும் சாட்டாவில் மட்டுமே இருக்கின்றன. அது போனால் கணக்கு தப்பிக்கும், கணினி எழாது. அதனால் இப்போதைக்கு ஏற்காட்டு ஆபீஸ் மேஜை டிராயரில் ஒரு லைவ் பென்டிரைவ் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.