ஃபிளெக்சர் பிணைச்சலின் விறைப்பு: இறுதி ஆண்டு புரொஜெக்ட் செய்பவர்களுக்கு

கட்டுபெத்தையிலோ வேறு கம்பஸிலோ இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டு, நுண்ணசைவு மேடை ஒன்றை இறுதி ஆண்டுத் தலைப்பாக எடுத்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தை அறையில் லப்டொப்பைத் திறந்தவுடன் மென்பொருளுக்குப் போகாதீர்கள். முதலில் தாளும் பேனையும்.

இந்தப் பிணைச்சலில் ஆணியும் இல்லை, பேரிங்கும் இல்லை. ஒரே உலோகத் துண்டை இரு பக்கமும் வட்டமாகக் குடைந்து நடுவில் மெல்லிய கழுத்தை விடுகிறோம்; அது வளைவதுதான் திருப்பம். உராய்வும் தளர்வும் இல்லாததால் நனோமீற்றர் அளவு அசைவுக்கு இதை நாடுகிறார்கள்.

கழுத்தை ஒரு ரேடியன் வளைக்க எவ்வளவு திருப்புதிறன் வேண்டும் என்பதுதான் இதன் விறைப்பு. அதற்கு 1965இல் பாரோஸும் வைஸ்போர்டும் தந்த சமன்பாடு பல கட்டுரைகளில் வரும். அதைப் பிரதி எடுக்காமல் நீங்களே பெறுங்கள். கழுத்தருகே வட்டத்தைப் பரவளைவாக எடுத்தால், நடுவிலிருந்து ஒரு தூரத்தில் உள்ள தடிப்பு, மிகக் குறைந்த தடிப்புடன் அந்தத் தூரத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்துக் கூட்டியது. அந்தத் தடிப்பின் மூன்றாம் அடுக்கின் தலைகீழைத் தொகையிட வேண்டும். ஏ.எல். இணைந்த கணிதத்தில் செய்த அதே டான் பிரதியீடு போதும். கோசைனின் நான்காம் அடுக்கு வந்து நிற்கும். தமிழ் மொழிமூலம் படித்து வந்து ஆங்கில விரிவுரைகளில் திணறுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: இதற்கு வேண்டிய கணிதம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

விறைப்புக்கு வரும் விடை இதுதான்: யங்கின் மட்டு (உலோகம் இழுவைக்கு எவ்வளவு விறைப்பானது என்ற எண்), அகலம், தடிப்பின் 2.5ஆம் அடுக்கு மூன்றையும் பெருக்கி இரட்டிப்பாக்கி, 9 பை தடவை ஆரையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. 7075 அலுமினியம் (71.7 கிகாபஸ்கால்), அகலம் 10 மில்லிமீற்றர், தடிப்பு 0.5, ஆரை 5 என்றால் ரேடியனுக்கு ஏறக்குறைய 4 நியூட்டன் மீற்றர். தடிப்பு 0.45 ஆனால் விறைப்பு 23 சதவீதம் குறைந்துவிடும். வயர்கட் (மின்பொறிக் கம்பியால் வெட்டுதல்) செய்து வந்த துண்டின் கழுத்தை அளக்காமல், வரைபடத்தில் உள்ள தடிப்பை வைத்து ஒப்பிடுவதில் பயனே இல்லை.

சாதாரண மைக்ரோமீற்றரின் தட்டை முகம் குடைவின் அடிக்குப் போகாது. இரு பக்கக் குடைவிலும் 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளைப் பின் ஒவ்வொன்றை வைத்து, வெளி அளவிலிருந்து 12ஐக் கழியுங்கள். பின்களையும் தனியே அளந்துவிடுங்கள்.

துண்டைச் சிறு மூலகங்களின் வலையாகப் பிரித்துக் கணிக்கும் மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாணவர் பதிப்புகளில் கணு (மூலகங்கள் இணையும் புள்ளி) எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, ஆகவே நுண்ணிய வலையைக் கழுத்தில் மட்டும் போடுங்கள், இருபடி மூலகங்களோடு. கை விடையை விடச் சுமார் 12 சதவீதம் கூட வந்தால் பதற வேண்டாம். அகலம் தடிப்பின் 20 மடங்காக இருப்பதால் கழுத்து அகலவாக்கில் தாராளமாகச் சுருங்கி விரிய முடியாது. யங்கின் மட்டை, ஒன்றிலிருந்து புவாசோன் விகிதத்தின் (நீளும்போது குறுக்கே சுருங்கும் விகிதம்) வர்க்கத்தைக் கழித்து வருவதால் வகுத்துப் பாருங்கள். விகிதம் 0.33 என்றால் அந்த 12 சதவீதம் அங்கேயே கிடைக்கும். வைவாவில் இதைத் தாளில் போட்டுக் காட்டக்கூடிய பிள்ளையை நான் மிகவும் மதிப்பேன்.

பரிசோதனைக்கு, இரண்டு சமாந்தரப் புயங்களின் நான்கு முனைகளிலும் பிணைச்சல் வைத்து மேடையைத் தாங்கும் இணைகரமே நல்லது. மேடையின் விறைப்பு, பிணைச்சல் விறைப்பின் நான்கு மடங்கைப் புய நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தது. புயம் 50 மில்லிமீற்றர் என்றால் மில்லிமீற்றருக்கு 6.4 நியூட்டன். 100 கிராம் படியை நூலில் கட்டி, கப்பி வழியாகப் பக்கவாட்டில் இழுத்தால் 0.15 மில்லிமீற்றர் அசையும். ஆய்வுகூட டயல் கேஜே போதும். ஆனால் கேஜுக்குள்ளும் ஸ்பிரிங் இருக்கிறது. அது மேடையைத் தள்ளும் விசை இந்தப் படிக்குச் சமமாகவே இருக்கலாம். கேஜ் தொட்ட பிறகு பூச்சியமாக்கி, படிகளைக் கூட்டியும் குறைத்தும் வாசித்து, ஒற்றை வாசிப்பை நம்பாமல் வரைபின் சாய்வை எடுங்கள். அப்புறமும் அளந்த விறைப்பு குறைவாக வந்தால், புயங்களும் பிடித்திருக்கும் கிளாம்பும் வளைகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது கேஜை கிளாம்பில் வைத்தால் உடனே தெரிந்துவிடும்.