ஒரு பாதித் தேங்காய்

2025 ஜனவரி 18, சனி

மட்டக்களப்புச் சந்தையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. பேரம் பேச வாயெடுத்தால் வியாபாரி அடுத்த ஆளிடம் திரும்பிவிடுகிறார். சொதி, சுண்டல், சம்பல் என்று சோற்றுக்கு எதை வைத்தாலும் துருவலையை எடுத்தாக வேண்டிய வீடு எங்களுடையது. இனி ஒரு நாளைக்குப் பாதிதான் என்று மாமியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மதியம் முருங்கை இலைச் சுண்டல். இரவே கொத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்ததால், காலையில் உதறியதும் இலை தானாகக் கொட்டியது. சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் (மிளகாய்) வதங்கியதும் இலையைப் போட்டுக் கிளறி, இறக்கும் நேரத்தில் ஒரு பிடி தேங்காய்ப்பூ (துருவல்). முதலிலேயே போட்டால் அது காய்ந்து சக்கையாகிவிடும். அப்படி இரண்டு பிடி போட்டாலும் ருசி தெரியாது. இறக்கிய பின் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி.

ஜனவரி 20, திங்கள்

கந்தோரில் (அலுவலகத்தில்) காத்தான்குடி ராத்தா (அக்கா) ஒரு போத்தலில் புளியாணம் கொண்டுவந்திருந்தார். துளித் தேங்காய் கிடையாது. புளிக்கரைசலில் தட்டிய உள்ளி (பூண்டு), மிளகு, நற்சீரகம், கறிவேப்பிலை, அவ்வளவுதான். "ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடு தங்கச்சி, தளதளவென்று கொதித்தால் வாசம் போய்விடும்" என்றார்.

இரவு வைத்தேன். மாமி சோற்றில் ஊற்றாமல் கோப்பையில் வாங்கிக் குடித்தார். இந்த மழைக்குச் சளி பிடித்த தொண்டை அவருக்கு. கோப்பை மறுபடியும் நீண்டது.

ஜனவரி 24, வெள்ளி

மச்சம் (மீன், இறைச்சி) இல்லாத நாள். சொதி இல்லாமல் வெள்ளிக்கிழமை நகராது என்பதால் பாதித் தேங்காயும் அதற்கே போனது. முதலில் பிழியும் கெட்டியான தலைப்பாலைத் தனியே பிழிந்து வைத்துவிட்டு, அடுத்துப் பிழிந்த தண்ணியான கப்பிப்பாலில் வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், வெந்தயம், மஞ்சள் சேர்த்து அவியவிட்டேன். தலைப்பால் கடைசியில்தான். ஊற்றிய பின் அகப்பையால் ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கொதி கூடினாலும் பால் திரைந்து, எண்ணெய் ஒருபக்கம் தண்ணீர் ஒருபக்கமாகப் பிரிந்து நிற்கும். தேசிக்காயும் அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான்.

பைக்கற்றுத் தேங்காய்ப்பால் மாவில் சொதி வைக்கிறவர்களுடன் எனக்குப் பேச்சில்லை. விலை இன்னும் ஏறினால் நானும் வைப்பேனாக்கும்!

ஜனவரி 26, ஞாயிறு

மழை. பருப்பும் பொரித்த கருவாடும்.

பெப்ரவரி 2, ஞாயிறு

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உறவினர் வீடு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இந்த வழியாக வாவியைக் கடக்கப் பாதைக்கு (ஆள், வண்டி ஏற்றும் மிதவைக்கு) காத்துக் கிடப்போம்; இப்போது மோட்டார் சைக்கிளில் நொடியில் அக்கரை. திரும்பும்போது கொக்கட்டிச்சோலையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன்.

கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்தேன். உள்ளே சதை குழைந்து, புகை மணத்துடன் நார்நாராகப் பிரிந்தது. சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்குத் தேங்காய்ப்பால்தான் வழக்கம். நான் பாலுக்குப் பதில் கெட்டித் தயிரை விட்டு, வெங்காயமும் கொச்சிக்காயும் அரிந்து போட்டு, உப்புடன் பிசைந்தேன். தயிரே புளிப்பதால் தேசிக்காயும் மிச்சம். பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள்.

மாமிக்கு மட்டும் சம்மதமில்லை. எருமைத் தயிரை உப்புக் கறியாக்குவதா என்று கேட்டுவிட்டு, மிச்சத் தயிரைச் சீனி போட்டுத் தானே முடித்தார்.