ஃபயர்வால்: நான் திறந்த போர்ட்டை மறித்த இரண்டு பழைய விதிகள்

மூன்று மாலைகள் மல்லுக்கட்டியதற்கு நேற்று ராத்திரி பலன் கிடைத்தது. டிவியில் படம் ஓடியது! விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும் மீடியா சர்வருக்கு (படங்களை டிவிக்கு அனுப்பும் புரோகிராம்), உள்ளே வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் 8096 போர்ட்டை (அந்த சர்வரின் வாசல் எண்) திறந்து, பிரைவேட் புரொஃபைலுக்கு (நம்பகமான நெட்வொர்க்குக்கான அமைப்பு) மட்டும் விதி எழுதி, ஸ்கோப்பை லோக்கல் சப்நெட்டோடு, அதாவது வீட்டு நெட்வொர்க்கோடு, நிறுத்தி எல்லாம் செய்தாயிற்று. ஆனாலும் நேற்றுவரை டிவியில் மட்டும் சர்வரின் பக்கம் திறக்கவே இல்லை.

முதல் மாலையைப் புது ரவுட்டர் தின்றது. லேப்டாப் அதில் கேபிளில் இணைந்திருக்கிறது. கேட்வேயின், அதாவது ரவுட்டரின், மேக் முகவரி (கருவியின் வன்பொருள் அடையாள எண்) மாறியதால் விண்டோஸுக்கு இது முன்பின் தெரியாத நெட்வொர்க், அதனால் பப்ளிக்கில் (பொது இடங்களுக்கான புரொஃபைல்) போட்டுவிட்டது. பிரைவேட்டுக்கு எழுதிய விதி அங்கே எப்படி வேலை செய்யும்? புரொஃபைலை மாற்றினேன். அப்போதும் டிவியில் ஒன்றும் வரவில்லை.

ஃபயர்வாலை ஒரே ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தேன், உடனே திறந்தது. ஆக, குற்றவாளி ஃபயர்வால்தான். அடுத்து லாக், அதாவது ஃபயர்வாலின் பதிவேடு. கைவிடப்படும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பதிவு செய்யும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும், அளவும் 4096 கேபிதான். அதை இயக்கி, அளவை 16384 ஆக்கினேன். டிவியிலிருந்து தட்டும்போதெல்லாம் 'டிராப் டிசிபி' (டிசிபி முறையில் வந்தது கைவிடப்பட்டது), டிவியின் ஐபி, இலக்குப் போர்ட்டாக 8096 என்று வரி வரியாக விழுந்தது. எந்த விதி தடுத்தது என்பதை மட்டும் அந்த லாக் சொல்லாது. இதுதான் எனக்குப் பெரிய குறை. அந்த ஒரு பெயர் இருந்திருந்தால் இரண்டு மாலை மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் இன்பவுண்ட் (உள்ளே வரும் இணைப்புகளுக்கான) விதிப் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சர்வர் புரோகிராமின் பெயரிலேயே சிவப்புத் தடைக்குறியோடு இரண்டு விதிகள், ஒன்று டிசிபி, ஒன்று யுடிபி (தரவு செல்லும் இன்னொரு முறை), இரண்டுமே பிரைவேட்டில். நான் எழுதியவை அல்ல. நிறுவிய நாளில் 'இந்த ஆப்பை அனுமதிக்கவா' என்று வந்த பெட்டியில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கேன்சல் அழுத்தியிருந்தேன். கேன்சல் அழுத்தினால் விண்டோஸ் சும்மா இருப்பதில்லை, இந்த இரண்டு தடை விதிகளையும் எழுதி வைத்துவிடுகிறது. தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். போர்ட்டுக்கு எத்தனை அனுமதி எழுதினாலும் பயனில்லை. இரண்டையும் நீக்கிய கையோடு டிவியில் பக்கம் திறந்தது.

இந்த லேப்டாப் வீட்டில் பிரைவேட், அலுவலகத்தில் டொமைன், பயணத்தில் பப்ளிக். டொமைனை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. டொமைன் கன்ட்ரோலர் (அலுவலகக் கணினிகளை நிர்வகிக்கும் சர்வர்) எட்டினால் தானாக அமையும். பப்ளிக்கில் 'உள்ளே வரும் எல்லா இணைப்பையும் தடு' என்ற கட்டத்தை டிக் செய்து வைத்திருக்கிறேன், அனுமதிப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் சேர்த்து. பிறர் வைஃபையில் இதற்குக் குறைந்து நான் உட்காரமாட்டேன்.

இன்னும் முடியாதது விபிஎன், அதாவது இணையம் வழியே போடும் தனிப்பாதை (டனல்). அதன் அடாப்டருக்கு (நெட்வொர்க் இணைப்பு முனைக்கு) கேட்வே இல்லாததால் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று பப்ளிக்கிலேயே நிற்கிறது. பழைய விண்டோஸ் விஸ்டாவில் ஒரு நேரத்தில் ஒரே புரொஃபைல்தான் செயல்படும். விண்டோஸ் 7 முதல் அடாப்டருக்கு ஒன்று. அதனால்தான் வீட்டு இணைப்பு பிரைவேட்டாக இருக்க, டனல் வழியே வரும் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து லேப்டாப்பை இயக்கும் வசதி), போர்ட் 3389, கதவடைத்துக் கிடக்கிறது. அந்த அடாப்டரை பிரைவேட் ஆக்குவதைவிட, டனலின் ஐபி வரம்புக்கு மட்டும் தனி விதி எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இதற்கிடையில் இரண்டு லேன் போர்ட் உள்ள மினி பிசி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதில் ஃப்ரீபிஎஸ்டி (ஓர் இலவச இயங்குதளம்) சார்ந்த ஃபயர்வால் போடுவதென்றால் இன்டெல் சிப் நெட்வொர்க் கார்டையே பலரும் பரிந்துரைக்கிறார்கள், விற்பவர்களோ சிப் பெயரைப் போடாமல் 'கிகாபிட்' என்று மட்டும் எழுதி வைக்கிறார்கள். லினக்ஸ் பெட்டியில் ஃபயர்வால்டியின் (லினக்ஸில் ஃபயர்வாலை நிர்வகிக்கும் நிரல்) ஹோம், பப்ளிக் ஸோன்களை (புரொஃபைல் போன்ற பிரிவுகள்) அமைப்பதும் பாக்கி. நாளை போன் ஹாட்ஸ்பாட்டில் டனலை முயல்வேன். அதுவரை லாக் ஓடிக்கொண்டிருக்கட்டும்.