பதவியை விட்டவர், தீவுக்குப் போனவர்

உச்சிப்புளி பக்கம் வளர்ந்தவர்களுக்கு கடற்படை ஒன்றும் தூரத்து விஷயமில்லை. ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இங்கேதான் இருக்கிறது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் சின்னப் பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்காது. அதனால்தான் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா, முன்னாள் கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷியைப் பற்றிப் பேசினால், டீக்கடை கொஞ்சம் அமைதியாகிவிடும்.

ஜோஷி 2012 ஆகஸ்ட் 31-ல் கடற்படைத் தளபதியானவர். நீர்மூழ்கி எதிர்ப்புப் போரில் நிபுணர். 2013 ஆகஸ்டில் மும்பையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரி 26-ல் சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் பலி. தார்மீகப் பொறுப்பேற்று ஜோஷி அன்றே ராஜினாமா செய்தார், அரசும் அன்றே ஏற்றுக்கொண்டது. பதவிக்காலம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. “கீழ இருக்கவன்மேல பழியைப் போடாம எத்தன பேரு போவான் சொல்லு மாப்ள?” என்பார் மாமா. எனக்கும் அதே கேள்விதான்.

அப்புறம் 2017 அக்டோபரில் ஜோஷி அந்தமான் நிக்கோபாரின் துணைநிலை ஆளுநரானார். ஏற்கெனவே அங்கே முப்படைக் கூட்டுக் கட்டளையின் தலைவராக இருந்தவர், அதனால் இடம் புதிதல்ல. ஆனால் அங்கே சட்டமன்றம் கிடையாது, குடிநீர், கப்பல், மின்சாரம் என எல்லாமே கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். 2020 ஆகஸ்டில் சென்னையில் இருந்து கடலுக்கடியில் இணைய கேபிள் போனதும் அவர் காலத்தில்தான். அங்கே தமிழர்கள் நிறைய. வீடியோ காலில் இப்போது முகம் உறையாமல் பேச முடிகிறதாம், சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.