நயினை அம்மாளுக்குச் சாத்திய பட்டு

தங்கச்சிக்கு ஒரு பிள்ளை கிடைத்தால் யாழ்ப்பாணத்து நயினாதீவு நாகபூசணி அம்மாளுக்குப் பட்டுச் சாத்துவதாக அம்மா நேர்ந்திருந்தார். கிடைத்துவிட்டாள் எங்கள் பெறாமகள். ஆனித் திருவிழாவுக்கே போகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

16 நாள் திருவிழா என்றால் தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறையில் கால் வைக்க இடமிருக்குமா? வரிசை என்ற பேச்சே இல்லை. கைக்குழந்தையோடு நின்ற தங்கச்சியையும் இடித்துக்கொண்டு போனார்கள். அம்மாளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தாய்க்கு வழிவிடக் கூடாதா? லோஞ்சின், அதுதான் அந்த மோட்டார்ப் படகின், கீழ்த்தட்டில் டீசல் மணமும் புழுக்கமும் வேறு. முழங்கால் வருத்தக்காரியான அம்மாவை யாரோ இரண்டு பொடியன்கள் அலுங்காமல் தூக்கி இறக்கினார்கள். அவர்களை அனுப்பியது அந்த நாகபூசணிதான்.

பாம்பு சுற்றிய கல், கருடன் கல் கதையை அம்மா கடல் நெடுகப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாளுக்குப் பூவோடு நீந்தி வந்த நாகத்தைக் கருடனிடமிருந்து காத்த அந்த வணிகனின் கதை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுக்காது.

கடலில் போனவர்களின் கவலை இந்தத் தீவுக்குப் புதிதல்ல. பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இங்கே இருக்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்கிறது அது. போர்த்துக்கேயர் இடித்த கோயில் பிறகு எழுந்தது, 1986இல் எரிந்த பிறகும் எழுந்தது. அவள் மட்டும் அசையவில்லை.

திரை விலகியபோது நாங்கள் கொண்டுபோன பட்டு அவள் மேனியில் இருந்தது. வீட்டில் எல்லோருக்குமாக ஒரு பெரிய வேண்டுதல் பட்டியலே அம்மா வைத்திருந்தார். ஒன்றும் வாயில் வரவில்லை. "தந்திட்டாய் தாயே, தந்திட்டாய்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. தாயே, நீ தந்ததற்கு ஒரு பட்டு எந்த மூலைக்கு!

மணிமேகலையின் மணிபல்லவம் இதுதான் என்பார்கள். அமுதசுரபி மண்டபத்தில் சோறு பரிமாறிய கைகளைப் பார்த்தபோது எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் திரும்பும் லோஞ்சிலேயே அம்மா அடுத்த நேர்த்தியும் வைத்துவிட்டார், அடுத்த ஆனிக்குப் பேத்தியை நடத்திக் கூட்டிவருவதாக. முழங்கால் என்னாவது என்று கேட்டேன்.

"அதை அவள் பார்த்துக்கொள்ளுவாள்."