படிப்பை முடித்தவர்கள் என்ன ஆனார்கள்?

பத்து வருடத்துக்கு முன்னால் என் தம்பி சிங்கப்பூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பட்டப்படிப்பு படித்தான். பெயர் வேண்டாம். வழவழப்பான கையேடு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல் கட்டினான். முடித்து ஒன்றரை வருடம் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. சாப்பிட வரச் சொன்னால்கூட "அப்புறம் வரேன்க்கா" என்று தட்டிக்கழிப்பான்.

அதனால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் முடித்த என் மகனுக்குப் பட்டப்படிப்புக்கு இடம் தேடியபோது, நான் ஒரு கணக்கு நோட்டு வாங்கினேன். ஈசூன் வீட்டுச் சமையலறை மேசையில் தினமும் இரவு அதோடுதான் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் கட்டணம். நம் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் மானியம் உண்டு. பெரும்பாலான தனியார் நிலையங்களுக்கு அது கிடையாது. இந்த ஒன்றிலேயே பாதிக் கணக்கு தீர்ந்துவிடும்.

அடுத்தது, படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது. பல பெற்றோர் இதைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு ஆண்டுதோறும் வருகிறது. இறுதித் தேர்வு முடிந்து சுமார் ஆறு மாதத்தில் எத்தனை பேருக்கு நிரந்தர முழுநேர வேலை, இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) எவ்வளவு என்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே போட்டிருப்பார்கள். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இரண்டு துறைகளுக்கு இடையே மாதச் சம்பளம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வேறுபடுகிறது! பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. தனியார் நிலையங்களில் படித்தவர்களைப் பற்றியும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு இப்படி ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறது. தம்பி சேர்ந்தபோது இப்படி ஒன்றை யாரும் எங்களிடம் காட்டவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுவரவேற்பு நாளன்று மகன் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றான். நானே முகப்பில் கேட்டேன்: "இவன் டிப்ளோமாவுக்கு எத்தனை பாடம் விலக்கு கிடைக்கும்?" அங்கே இருந்த பெண் பொறுமையாகப் பட்டியலை எடுத்து, அவன் படித்த பாடங்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்துக் காட்டினார். ஒரு பருவம் குறைந்தால் அந்தப் பருவத்துக் கட்டணம் மிச்சம், சம்பளமும் அரை வருடம் முன்னதாக வரும்.

சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தைத் தேர்ந்தெடுத்தோம். படிப்பின் நடுவிலேயே பல மாதம் நிறுவனத்தில் வேலை பார்க்க வைக்கிறார்கள். என் மகனுக்கு அதுதான் பிடித்தது.

மீதிக் கட்டணத்துக்கு என் மத்திய சேம நிதியிலிருந்து கல்விக் கடன். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் அவன் வட்டியோடு என் கணக்குக்கே திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் "அம்மாவுக்கு" என்று தலைப்பிட்டு, தொகையை அவனே எழுதி வைத்திருக்கிறான்.