பதில் வரும்வரை ஜன்னல் கம்பிகளை எண்ணுங்கள்

புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியர்கள் சிலரோடு போன மாதம் ஒரு நாள் உட்கார்ந்து பேசினேன். அரசுப் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு எடுக்கிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பில் கேள்வி கேட்பது எப்படி என்பதுதான் தலைப்பு. அன்று சொன்னதையும், நேரம் போதாமல் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முதலில் அவர்களிடம் ஒன்று கேட்டேன். "நேத்து ஒரு பீரியடுல எத்தனை தடவை 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டிருப்பீங்க?" யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நானும் பல வருடம் எண்ணியதில்லை. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். அதை நம்பி அடுத்த கணக்குக்குப் போவோம். மறுநாள் நோட்டைத் திருத்தும்போதுதான் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று தெரியும். அந்தக் கோரஸ் பதிலில் பிள்ளைகளின் பொய் எதுவும் இல்லை. பெரியவர் ஒருவர் அப்படிக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இலக்கண வகுப்பில் வினா ஆறு வகை என்று படித்திருப்போம். நன்னூல் சொல்வது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஆசிரியர் கேட்பது அறிவினா. விடை தனக்குத் தெரியும், மாணவனுக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. என் சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் இருந்தது. நான் கேட்கும் கேள்விக்கு விடை என் கையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் கணக்கை யோசிக்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சார் தலையசைக்கிறாரா, புருவம் ஏறுகிறதா, அதை வைத்துப் பதிலை மாற்றுவார்கள்.

ஆனால் எனக்கே விடை தெரியாத ஒரு கேள்வி எந்த வகுப்பிலும் இருக்கிறது. இந்தப் பிள்ளை இதை எப்படி யோசித்தது என்பது. அதுதான் அறியா வினா. அதைக் கேட்கத் தொடங்க எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. புதியவர்களுக்கு அத்தனை வருடம் வீணாக வேண்டாம் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 1/2, 1/4 என்று எழுதி எது பெரிசு என்றேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஒன்று பை நாலு சார்" என்றான். முன்பெல்லாம் "தப்பு, உட்காரு. வேற யாரு?" என்று போயிருப்பேன். அன்றைக்கு, "எப்படிப்பா சொல்ற?" என்று கேட்டேன்.

"ரெண்டை விட நாலுதான சார் பெரிசு."

அவன் தப்பாக யோசிக்கவில்லை. முழு எண்ணில் இத்தனை வருடம் சரியாக வந்த விதியைத்தான் இங்கேயும் போட்டிருக்கிறான். சரி, கடைக்குப் போவாயா என்று கேட்டேன். போவானாம். "அரைக் கிலோ சர்க்கரை, கால் கிலோ சர்க்கரை, எது அதிகம்?" சிரித்துவிட்டான். "அரைக் கிலோ சார்." "அப்போ போர்டுக்கு வா. அரையை எழுது, காலை எழுது."

1/2 என்று எழுதினான். பக்கத்தில் 1/4 என்று எழுதினான். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நாலில் ஒரு பங்குதானே என்று சொல்லிவிட என் வாய் துடித்தது. வாயை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். முன் பெஞ்சில் ஒரு பெண் "சார், சார்" என்று கையைத் தூக்கினாள், பொறு என்று சைகை காட்டினேன். ஒன்பதாவது கம்பியில் இருந்தபோது அவன் திரும்பினான். "சார், கீழ நாலு இருந்தா நாலாப் பிரிக்கிறது. நிறையப் பேருக்குப் பிரிச்சா கொஞ்சமாத்தான வரும்?"

நான் ஒரு பீரியட் முழுக்க நடத்தினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். தமிழில் கால், அரை, முக்கால் என்று வாயில் புழங்கும் சொற்கள் பிள்ளைகளிடம் முன்பே இருக்கின்றன. கரும்பலகையில் இருக்கும் குறிக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில்தான் பாலம் இல்லை. அவனைக் கேட்காமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிய வந்திருக்காது.

இந்தக் காத்திருப்பை அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்களாம். அதையே 3 விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பதிலே வராத இடங்கள் குறைகின்றன, கேட்காமலே பேசும் பிள்ளைகள் கூடுகிறார்கள். இன்னொன்றும் அவர் கவனித்தார். பிள்ளை பதில் சொல்லி முடித்தபின் ஆசிரியர் பொறுப்பதும் அதே அளவு முக்கியம். நாம் அங்கேதான் சறுக்குகிறோம். பதில் வந்த உடனே "வெரி குட்" என்கிறோம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சரியான பதிலுக்கும் கொஞ்சம் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, "நீ என்ன சொல்ற?" என்று இன்னொருவரிடம் போய்ப் பாருங்கள்.

பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். "முருகா, 0.5 பெரிசா 0.35 பெரிசா?" என்றால் முருகனைத் தவிர எல்லோருக்கும் லீவு. கேள்வியைப் போட்டு, கொஞ்சம் விட்டு, அப்புறம் பெயர். இதே கேள்வியை எல்லோரையும் சிலேட்டிலோ ரஃப் நோட்டிலோ எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. 35 என்பது 5-ஐ விடப் பெரிசு என்று நினைத்து 0.35 என்று எழுதியவர்கள் யார் யார் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். "புரிஞ்சுதா?" சொல்லாததை அது சொல்லும். அப்படிப்பட்ட கேள்வி நின்ற இடத்தில் தோன்றாது. பாடக்குறிப்பு எழுதும்போதே இரண்டு கேள்வியை யோசித்து ஓரத்தில் குறித்து வையுங்கள், இரண்டு போதும்.

கேள்வியைத் தண்டனையாக்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. பின்னால் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எழுப்பி, அவளுக்குத் தெரியாது என்று தெரிந்தே ஒரு கேள்வி கேட்டேன். அவள் "அது வந்து சார்..." என்று ஏதோ தொடங்கினாள். நான் விடவில்லை, பீரியட் முடியும்வரை நிற்க வைத்தேன். அந்த வருடம் முழுக்க அவள் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "தெரியாது" என்று ஒரு பிள்ளை சொன்னால், "சரி, உட்காரு. ரெண்டு பேரு சொல்றதைக் கேளு, திரும்ப உன்கிட்ட வரேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பிப் போங்கள். போகாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது உட்கார்ந்து தப்பிக்கிற வழியாகிவிடும்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு இளம் ஆசிரியை எழுந்தார். "சார், இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போர்ஷன் முடிக்கணுமே?"

நியாயமான கேள்வி. அவரையே கணக்குப் போடச் சொன்னேன். ஒரு பீரியடில் 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 3 விநாடி. ஒரு நிமிடம்தான் வருகிறது. ஆனால் "எப்படிச் சொல்ற?" என்று ஒரு தப்பான பதிலின் பின்னால் போனால் நேரம் போகத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. அன்றைக்கு அரையும் காலும் ஒரு முழு பீரியடைத் தின்றது. நான் திட்டமிட்டிருந்த பயிற்சிக் கணக்கில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மறுநாள் 1/3, 1/5 என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். இவற்றுக்குக் காலும் அரையும் போல வீட்டில் புழங்கும் சொல் கிடையாது. கேள்வியே கேட்கவில்லை, அதற்குள் பின் பெஞ்சில் இரண்டு பேர் ஒரு கடலை மிட்டாயை வைத்து எத்தனை பேருக்குப் பிரிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.